கமிட்டியில் கையெழுத்துப் போட்டால் என் வீடு போகுமா?

கேள்வி: வக்கீல் சார், நான் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியை. களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் சபை இருக்கிறது. எந்தத் திருமண்டலத்தோடும் சேராத தனிச் சபை. பாஸ்டர் அய்யா 1989இல் தன் சொந்த இடத்தில் ஓலைக் கொட்டகை போட்டு ஆரம்பித்தார். இப்போது விசுவாசிகளின் காணிக்கையில் கான்கிரீட் ஆலயம் எழும்பியிருக்கிறது. 2006இல் டிரஸ்ட் பதிந்தார்கள். ஐந்து டிரஸ்டிகளில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் பாறசாலைப் பக்கம் ஒரு கிளைச் சபை உண்டு. அங்கே ஒருவர் ஏலா (வயல்வெளி) ஓரமாக எட்டு சென்ட் தருவதாகச் சொல்கிறார். போன ஜனவரியில் என்னைச் செயலாளராக்கினார்கள். செக்கில் பாஸ்டரோடு நானும் கையெழுத்துப் போட வேண்டும். அய்யா அடிக்கடி வெளியூர் ஊழியத்துக்குப் போவதால் கொஞ்சம் செக்கில் முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிடுகிறேன். லண்டனில் நர்ஸாக இருக்கும் எங்கள் சபைப் பெண் கூரை வேலைக்கு மூன்று லட்சம் அனுப்பினாள். டிரஸ்ட் கணக்கில் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாதாமே, அதனால் பாஸ்டரின் மகன் கணக்கில் வாங்கினார்கள். மைக் சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வாலிப ஆசிரியரைப் பற்றி ஒரு பேச்சு வந்தது, மூப்பர்கள் கூப்பிட்டுப் பேசி முடித்துவிட்டார்கள், அது போகட்டும். என் கேள்வி இதுதான்: நாளைக்கு வழக்கு என்று வந்தால் என் வீடும் பென்ஷனும் போகுமா? இப்போதே விலகிவிடலாமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

வீடு, பென்ஷன் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன்னால், கடிதத்தின் கடைசியில் 'அது போகட்டும்' என்று ஒதுக்கிவிட்டீர்களே, அதை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியவற்றில் மிக அவசரமானது அதுதான்.

என்ன பேச்சு என்று நீங்கள் விவரம் எழுதவில்லை. அந்த ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் தவறாக நடந்தார், தொட்டார், போனில் கண்டதை அனுப்பினார் என்கிற வகைப் பேச்சு என்றால், அதைப் பேசி முடிக்கும் அதிகாரம் மூப்பர்களுக்கும் இல்லை, பாஸ்டருக்கும் இல்லை, பிள்ளையின் அப்பா அம்மாவுக்குமே இல்லை. அப்படி ஒரு குற்றம் நடந்ததாகத் தெரிந்த யாரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிற யாரும் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. செயலாளரை இந்த இரண்டாவது வகையில் சேர்க்க எதிர்த்தரப்பு வக்கீல் ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. அந்த ஆசிரியர் பாஸ்டரிடம் வந்து அழுது அறிக்கையிட்டுவிட்டார் என்பதற்காகச் சட்டம் யாருக்கும் விலக்கு எழுதி வைக்கவில்லை. மத நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவர் அங்கே வரும் பிள்ளையிடம் குற்றம் செய்தால் தண்டனைதான் கூடும்.

'முதலில் நாமே விசாரித்து உறுதி செய்துகொள்வோம்' என்று கமிட்டியில் ஒருவர் கட்டாயம் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையை மூப்பர்கள் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதே அதற்கு இன்னொரு கொடுமை. போதாததற்கு, பின்னால் கோர்ட்டில் அதன் வாக்குமூலத்தையும் அது கெடுத்துவிடும். சட்டப்படி வாக்குமூலம் எடுக்க வேண்டியது போலீஸ், அதுவும் கூடுமானவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிபார்ம் இல்லாமல், பிள்ளை இருக்கும் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ. நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் காதுக்கு என்ன வந்ததோ அதை எழுதி ஸ்டேஷனில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது. ஸ்டேஷனுக்கு நேரே போகத் தயக்கம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்து தொடங்குங்கள். தாமதமாகிவிட்டதே என்று யோசிக்க வேண்டாம். இன்றைக்குச் சொல்வது நாளைக்குச் சொல்வதைவிட நல்லது. அந்த ஆசிரியரை உடனே பிள்ளைகள் பக்கம் வராமல் நிறுத்துங்கள். பிள்ளையின் பெயர், குடும்பம், வீட்டு அடையாளம் எதுவும் வெளியே போகக் கூடாது. ஜெபக் குறிப்பு என்று வாட்ஸாப் குழுவில் போடுவதும் குற்றம்தான். பேச்சு வேறு ஏதோ சில்லறைச் சண்டையைப் பற்றியது என்றால், சரி, மூப்பர்கள் பேசியதே போதும்.

இனி உங்கள் கேள்வி. அரசுப் பென்ஷனைச் சிவில் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. டிரஸ்ட் என்பது கம்பெனி மாதிரித் தனி ஆள் இல்லை என்பதால் வழக்கு அதை நடத்துகிறவர்களின் பெயரில்தான் வரும். ஆனால் வழக்கில் பெயர் வருவது வேறு, சொந்தப் பணத்திலிருந்து கட்டுவது வேறு. டிரஸ்ட் பத்திரத்துக்கு உட்பட்டு, தீர்மானம் போட்டு, நேர்மையாகச் செய்த காரியத்தால் வரும் செலவை டிரஸ்ட் சொத்து தாங்கும். பத்திரத்தை மீறியோ கண்ணை மூடிக்கொண்டோ செய்ததால் டிரஸ்டுக்கு நஷ்டம் என்றால் அதைச் செய்தவர் கைப்பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும்.

1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கானது. ஆனாலும் பொது, மத டிரஸ்டுகளின் வழக்குகளில் நீதிமன்றங்கள் அதன் கொள்கைகளைத்தான் கையில் எடுக்கின்றன. ஒரு டிரஸ்டி செய்த தவறுக்கு மற்றவர் பொறுப்பில்லை என்று அது சொல்கிறது. கூடவே மூன்று விதிவிலக்குகளையும் வைக்கிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு அது எப்படிச் செலவானது என்று பார்க்காமல் இருந்தால் பொறுப்பு. இன்னொருவர் கையில் பணம் போக விட்டுவிட்டு விசாரிக்காமல் இருந்தால் பொறுப்பு. தவறு தெரிந்தும் மறைத்தால் பொறுப்பு. இப்போது நீங்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் செக்குகளை நினைத்துப் பாருங்கள். முதல் விதிவிலக்கு அதற்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது.

பாஸ்டர் அய்யா நல்லவர், பணத்தில் கை வைக்க மாட்டார் என்பீர்கள். நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த செக் புத்தகம் அவர் பையில் இருக்கும்போது காரில் இருக்கிறது, வீட்டு மேசையில் இருக்கிறது, மகன் கையில் இருக்கிறது. தொகை எழுதாத, பெயர் எழுதாத, உங்கள் கையெழுத்துள்ள செக்கில் அய்யாவின் கையெழுத்தும் விழுந்துவிட்டால், அது யார் கைக்குப் போனாலும் பாங்க் பணம் கொடுத்துவிடும். நாளைக்கே அய்யாவிடம் போய், 'அய்யா, ஆடிட்டர் கூடாது என்கிறார்' என்று சொல்லி அந்த இலைகளை வாங்கிக் குறுக்கே கிழித்து, எண்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். என் பெயரைச் சொன்னாலும் சரிதான். அவர் வெளியூரில் இருக்கும் நாட்களுக்கு மூன்றாவதாக ஒருவரை, பொருளாளரை, கையெழுத்து அதிகாரத்தில் சேர்த்து 'மூவரில் இருவர்' என்று பாங்குக்குத் தீர்மானம் கொடுக்கலாம். ரொக்கமாகக் கொடுப்பதற்கும் எல்லை உண்டு. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வரித்துறை டிரஸ்ட் செலவாகவே எடுத்துக்கொள்ளாது. ஒரே ஆளிடம் ஒரு நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது.

நீங்கள் செயலாளர். ஆனால் டிரஸ்டியா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்று தோன்றுகிறது. 2006ஆம் ஆண்டுப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். கமிட்டி என்ற ஒன்றைப் பத்திரம் சொல்கிறதா, டிரஸ்டி இறந்தால் யார் யாரை நியமிப்பது, கூட்டத்துக்கு எத்தனை பேர் வர வேண்டும், சொத்தை விற்கலாமா என்று அதில் இருக்கும். நம் ஊரில் பல டிரஸ்ட் பத்திரங்கள் பத்திர எழுத்தரின் பழைய மாதிரியைப் பார்த்து எழுதியவை. அதில் அனாதை இல்லம் இருக்கும், தையல் பள்ளி இருக்கும், சபைக் கமிட்டி மட்டும் இருக்காது. அப்படியென்றால் உங்களுக்கு இருக்கிற ஒரே அதிகாரம் டிரஸ்டிகள் போட்டுக் கொடுக்கும் தீர்மானம். அது எழுத்தில் இல்லை என்றால் நீங்கள் எந்த அதிகாரமும் இல்லாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இறந்துபோன இருவரின் இடத்தில் பத்திரம் சொல்லும் முறைப்படி ஆட்களை நியமித்து, அதைத் துணைப் பத்திரமாகப் பதிந்து, பாங்குக்கும் வருமான வரித்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். அதில் ஒருவராக நீங்களே வரலாம். பாஸ்டர் குடும்பத்துக்கு வெளியே இருந்து வருவது முக்கியம்.

அடுத்தது ஆலயம் இருக்கும் இடம். எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகக் கவலை தருவது, பிள்ளைகள் விஷயத்துக்கு அடுத்தபடியாக, இதுதான். கட்டிடம் சபையின் பணத்தில், நிலம் பாஸ்டர் பெயரில். அய்யா உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் இது பிரச்சினையாகத் தெரியாது. அவர் காலத்துக்குப் பிறகு சட்டம் அதை ஆலயமாகப் பார்க்காது, ஒரு கிறிஸ்தவரின் சொத்தாகப் பார்க்கும். இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் பெண் பிள்ளைக்குச் சொற்பம்தான் என்று நம் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அது 1986இல் உச்ச நீதிமன்றத்தின் மேரி ராய் வழக்குத் தீர்ப்போடு முடிந்தது. கட்டிக்கொடுத்த மகள்களும் பங்காளிகள். அவர்களில் ஒருவர் வேறு சபைக்குப் போயிருக்கலாம், ஒருவருக்குக் கடன் இருக்கலாம். ஞாயிறு ஆராதனை நடக்கும் இடத்தின்மேல் பாகப்பிரிவினை வழக்கு வந்தால், 'கட்டிடத்துக்குப் பணம் போட்டது நாங்கள்' என்று சபை நிரூபிக்க வேண்டும். காணிக்கைப் பையில் போட்ட நோட்டுக்கு யாரிடம் ரசீது இருக்கிறது?

அய்யா உயில் எழுதி வைக்கிறேன் என்பார். கிறிஸ்தவன் சபைக்கு உயில் எழுதினால் செல்லாது என்று ஒருவர் குறுக்கே சொல்வார். நெருங்கிய உறவினர் இருக்கும் கிறிஸ்தவர் அறப்பணிக்கு உயில் எழுதினால், சாவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்று தொடங்கி அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவில் கட்டுப்பாடுகள் இருந்தது உண்மை. கேரளத்துப் பாதிரியார் ஒருவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. ஆகவே உயில் செல்லும். இருந்தாலும் நான் உயிலை நம்பச் சொல்ல மாட்டேன். உயிலை எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பதிந்த தானப் பத்திரத்தை அப்படி மாற்ற முடியாது. வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை கணிசமாகத்தான் வரும். சபையில் அதற்கென்றே ஒரு விசேஷ காணிக்கை எடுங்கள். கூரையைவிட இது முந்தி. அய்யா முழுவதையும் கொடுக்கத் தயங்கினால், தன் வீட்டையும் அதைச் சுற்றி உள்ளதையும் அளந்து பிரித்து வைத்துக்கொண்டு, ஆலயம் நிற்கும் பகுதியையும் வழியையும் மட்டும் எழுதித் தரட்டும். சொல்வதற்குச் சங்கடமாக இருந்தால் வருமான வரியைக் காரணம் காட்டுங்கள், பொய்யில்லை. டிரஸ்ட் பணத்தை டிரஸ்ட் தொடங்கியவரின் சொந்த நிலத்தில் கொட்டினால் வரிவிலக்கே ஆபத்தில் விழும்.

விளவங்கோடு பக்கத்து நிலம் என்பதால் மூலப் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல்தானே. தேதியும் கொல்லம் ஆண்டில் (மலையாள வருடக் கணக்கு) இருக்கும். 1120 என்று கண்டால் அது 1944-45. இரண்டு எழுத்தும் வாசிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர் குழித்துறையில் இன்னும் கிடைப்பார். அவரை வைத்து எல்லைகளைத் தமிழில் எழுதி வாங்கி, பட்டாவோடும் வில்லங்கச் சான்றோடும் ஒத்துப் பாருங்கள். ஓலைக் கொட்டகையைக் கான்கிரீட் ஆக்கியபோது அனுமதி வாங்கினார்களா என்றும் கேளுங்கள். பொது வழிபாட்டுக்குக் கட்டிடம் எழுப்ப கலெக்டரின் முன் அனுமதி கேட்கும் விதி தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது, அதிகாரிகள் இந்த ஃபைலை இரண்டு தடவை புரட்டுவார்கள். கூரை வேலை தொடங்குமுன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

பாறசாலை எட்டு சென்ட் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். கொடுப்பவரின் கரம் (நிலவரி) தீர்த்த ரசீதை வாங்கிப் பாருங்கள். ஏலா ஓரம் என்கிறீர்கள். ரசீதில் 'நிலம்' என்று இருந்தால் அது நெல்வயல் கணக்கு, 'புரயிடம்' என்று இருந்தால்தான் கட்டிடத்துக்கான இடம். கண்ணுக்கு மேடாக, தென்னை நட்டுத் தெரிந்தாலும் ரசீதில் உள்ளதுதான் செல்லும். 2008ஆம் ஆண்டுக் கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் அதில் எளிதில் ஆலயம் எழுப்ப விடாது. புரயிடம்தான் என்றால், டிரஸ்ட் பெயரிலேயே ஆதாரம் (பத்திரம்) பதிந்து, வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்து, டிரஸ்ட் பெயருக்குத் தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு எண்) வாங்கி, அந்த வருடத்துக் கரத்தையும் கட்டிவிடுங்கள். கிளைச் சபை ஊழியரின் பெயரில் பதிந்து 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்றால் பழைய கதை எல்லைக்கு அந்தப் பக்கமும் தொடரும். கிளையைத் தனி சொசைட்டியாகப் பதியலாம் என்றும் யாராவது யோசனை சொல்வார்கள். தென்கேரளத்தில் அதற்கு 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம் இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்தால் அது வேறு அமைப்பு, வேறு பான் கார்டு, வேறு நிர்வாகம். பிரிந்து போக மனம் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

லண்டன் பணத்துக்கு வருகிறேன். நான் முதலில் கேட்பது, அந்தப் பெண்ணின் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சொந்தச் சம்பாத்தியத்தை பாங்க் வழியாக அனுப்பியது வெளிநாட்டு நன்கொடையே இல்லை. துபாயிலும் சவுதியிலும் இருக்கும் உங்கள் சபைப் பிள்ளைகள் அனுப்புவதும் அப்படித்தான். டிரஸ்டின் சாதாரணக் கணக்கிலேயே வாங்கியிருக்கலாம்; பாஸ்போர்ட் நகலும் ஒரு கடிதமும் ஃபைலில் இருந்தால் போதும். அவள் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டாள் என்றால் கதை வேறு. இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. கார்டு இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவள் வெளிநாட்டவர்தான். அந்தப் பணத்தை வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். டெல்லியில் ஸ்டேட் பாங்கின் பிரதானக் கிளையில் அதற்கென்று கணக்கு வேண்டும். பதிவு கேட்க அமைப்புக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் பதினைந்து லட்சமாவது தன் நோக்கங்களுக்குச் செலவழித்திருக்க வேண்டும்.

மகன் கணக்கில் வாங்கியதால் தப்பிக்கலாம் என்று யார் சொன்னார்களோ அவர்கள் சட்டத்தை வாசிக்கவில்லை. வெளிநாட்டவரின் பணம் நேரடியாக வந்தாலும், ஒருவர் இருவர் கை மாறி வந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான் என்று சட்டமே சொல்கிறது. மகனுக்கும் இது தலைவலி. உறவினர் அல்லாதவரிடமிருந்து வருடத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வாங்கிய பணம் அவருடைய வருமானமாகக் கணக்காகும். இப்போதைக்கு அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். ரொக்கமாக எடுத்துக் கூரைக்காரருக்குக் கொடுப்பது, டிரஸ்ட் கணக்குக்கு மாற்றுவது இரண்டும் வேண்டாம். குடியுரிமையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எஃப்.சி.ஆர்.ஏ. பார்க்கும் ஒரு ஆடிட்டரிடம் போங்கள். திருப்பி அனுப்புவதா, உள்துறை அமைச்சகத்தில் கட்டணம் கட்டி இணக்கமாக முடிப்பதா என்று அவர் சொல்வார். ஏற்கெனவே செலவாகிவிட்டது என்றால் அதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

ஞாயிறு காணிக்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆராதனை முடிந்து பின் அறையில் பையைக் கொட்டி எண்ணுவீர்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே விசேஷச் செய்தியாளருக்கு வழிச்செலவு, டீக்கடைக்கு, டீசலுக்கு என்று அதிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியை நோட்டில் எழுதுவார்கள். இதை நிறுத்தினாலே பாதிக் கணக்கு சரியாகிவிடும். ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணி, வந்த தொகையை முழுசாக எழுதிக் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை முழுசாக பாங்கில் போட வேண்டும். செலவுக்குத் தனியாகச் சில்லறைப் பணம் வைத்துக்கொண்டு வவுச்சர் எழுதுங்கள். பையில் பெயர் தெரியாமல் விழும் காணிக்கைக்கு முழுக்க மதநோக்கமுள்ள டிரஸ்டுகளிடம் தனி வரி கேட்பதில்லை, அதனால் பைக்கு ரசீது தேடி அலைய வேண்டாம். கவர் காணிக்கைக்கும் தசமபாகத்துக்கும் பெயரோடு ரசீது கொடுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைக்குலை ஐயாயிரத்துக்குப் போகும், கூட்டம் கைதட்டும், எடுத்தவர் பணத்தை அடுத்த பண்டிகை வரைக்கும் தர மாட்டார். ஏலத்துக்கும் ஒரு பதிவேடு வேண்டும், வராத பாக்கியோடு.

டிரஸ்டுக்கு வருமான வரிவிலக்குக்கான 12ஏபி பதிவு இருக்கிறதா, எந்தத் தேதியோடு முடிகிறது என்பதை ஆடிட்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். பழைய பதிவு நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டு பல சபைகள் புதுப்பிக்காமல் விட்டிருக்கின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் '80ஜி ரசீது கொடுங்கள்' என்று கேட்பவர்களிடம், முழுக்க ஆராதனைக்கான டிரஸ்டுக்கு அது கிடைக்காது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பெண்கள் ஐக்கியத்தில் சீட்டு நடத்துகிறார்கள் என்றால் அதைச் சபையின் பெயரிலும் சபை மேசையிலும் நடத்த விடாதீர்கள். பதிவில்லாத சீட்டு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தவணை முறிந்தால் எல்லாரும் செயலாளர் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

மைக் விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது, டீச்சர். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மூடிய அரங்கத்துக்குள் தவிர வைக்கவே கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இது மதத்தின் மேல் பாய்ச்சல் என்று மேடையில் பேசுவார்கள். சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் 2000 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: மற்றவரின் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று. வெளியே பார்த்து வைத்திருக்கும் பெட்டிகளைக் கழற்றி உள்ளே திருப்புங்கள். முழு இரவு ஜெபத்தில் பத்து மணிக்கு மேல் மைக் இல்லாமல் பாடுங்கள். ஸ்டேஷனில் பதில் எழுதிக் கொடுப்பதற்கு முன் பாஸ்டரோடு நீங்களும் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

சபை வேன் இருந்தால் ஆர்.சி. யார் பெயரில் என்று பாருங்கள். வெள்ளை போர்டு வண்டியில் தலைக்கு இவ்வளவு என்று பெட்ரோல் காசு வாங்கி செக்போஸ்ட் தாண்டி கன்வென்ஷனுக்கு ஆள் ஏற்றினால் அது வாடகை ஓட்டம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும், நஷ்டஈடு ஆர்.சி. பெயர்க்காரர் தலையில் விழும். கல்யாணப் பதிவுக்கும் எல்லையில் இரண்டு கணக்கு: இந்தப் பக்கம் நடந்தால் 90 நாளுக்குள், பாறசாலையில் நடந்தால் 45 நாளுக்குள். இரண்டு பேரின் வயதுச் சான்றையும் பார்க்காமல் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க விடாதீர்கள். வயது நிறையாத கல்யாணத்தை நடத்தி வைத்தவருக்கும் இரண்டு வருடம் வரை சிறை உண்டு.

விலகலாமா என்று கேட்டீர்கள். விலகுவதால் ஜனவரியிலிருந்து இன்றுவரை போட்ட கையெழுத்துகள் மறைந்துவிடாது. அதனால் இன்னும் ஆறு மாதம் இருந்து, மேலே சொன்னவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். போலீஸ் தகவல் மட்டும் தீர்மானத்துக்குக் காத்திருக்கக் கூடாது, அதை நீங்களே தனியாகச் செய்யலாம். மற்றவற்றில் கமிட்டி உங்களோடு ஒத்துக்கொள்ளாவிட்டால், 'எனக்கு உடன்பாடில்லை' என்று தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத விடவில்லை என்றால் டிரஸ்டிகளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இடத்தை எழுதித்தர முடியாது, கணக்கும் காட்ட முடியாது என்று அவர்கள் நின்றால், சபையில் அக்கறையுள்ள இரண்டு பேர் சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின் கீழ் நீதிமன்ற அனுமதி பெற்று நாகர்கோவிலில் வழக்குப் போடலாம். அது கடைசி வழி. அந்த இரண்டு பேரில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்றில்லை.

அதற்குள்ளேயே விலகத்தான் போகிறீர்கள் என்றால் வாய்மொழியாக விலகாதீர்கள். தேதியிட்ட கடிதம், பெற்றுக்கொண்டதாக ஒரு டிரஸ்டியின் கையெழுத்து, ஒப்படைத்த பொருட்களின் பட்டியல் மூன்றும் வேண்டும். பட்டியலில் செக் புத்தகத்தின் இலை எண்கள், பாஸ்புக்கின் கடைசி இருப்பு, தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்க எண், பத்திர நகல்கள், சாவி எல்லாம் வரட்டும். அதே நாளில் பாங்கில் உங்கள் கையெழுத்தை எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பலர் கடைசியில் சொன்ன இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.